கூம்பு பிட்டுக்கு எங்கே சீரோ?

வலியசாலையில் என்னிடம் வருகிற வேலையில் பாதி வீட்டுப் பெயர்ப்பலகைதான். காந்தளூர் மகாதேவர் கோயிலை ஒட்டிய தெருக்களில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. தேக்கிலோ அயினியிலோ, மேலே தமிழ், கீழே மலையாளம் என்று கேட்பார்கள். இரண்டுமே சுழி எழுத்துகள். அதனால் சிஎன்சி ரூட்டரில் 60 டிகிரி வி-பிட் மாட்டித்தான் செதுக்குவேன். அகலமான இடத்தில் ஆழமாக இறங்கி, குறுகிய மூலையில் மேலே ஏறி வருவது அந்தக் கூம்பு முனையால்தான் முடியும்.

வேறெங்கோ வெட்டிய பலகையைச் சில நேரம் கொண்டுவந்து, "அண்ணா, இதைச் சரி பண்ண முடியுமா?" என்பார்கள். 'ண'வின் சுழிகளுக்கு நடுவே நிற்க வேண்டிய மெல்லிய சுவர் உதிர்ந்திருக்கும். புள்ளி மிளகளவு இருக்க வேண்டியது, கொண்டைக்கடலை ஆகியிருக்கும். மொத்த எழுத்தும் ஒரு பக்கமாக ஒரு மில்லி தள்ளி நிற்கும். பழியை மெஷின்மேல் போடுவார்கள். நான் முதலில் சந்தேகப்படுவது சீரோவைத்தான்.

1952-ல் அமெரிக்காவின் எம்ஐடியில் துளையிட்ட நாடாவைப் படித்து மில்லிங் மெஷின் ஓடியது. அன்று முதல் இன்று வரை மெஷினுக்குத் தெரிந்தது எண் மட்டும். மெஷினின் பெட்டின்மேல் மரம் எங்கே கிடக்கிறது, எண்ணை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை ஆள்தான் காட்ட வேண்டும். அந்தத் தொடக்கப் புள்ளிதான் சீரோ. நேர் பிட்டில் இது சுலபம். 6 மில்லி பிட்டைப் பலகையின் விளிம்பில் தொடவிட்டால், பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் நடு 3 மில்லி தள்ளி நிற்கிறது, கணக்கு முடிந்தது. கூம்பு பிட்டுக்கு அப்படி ஒரே விட்டம் கிடையாது. 60 டிகிரி பிட், முனையிலிருந்து 2 மில்லி மேலே விளிம்பைத் தொட்டால், அங்கே அதன் ஆரம் 1.15 மில்லி, 3 மில்லி மேலே தொட்டால் 1.73. எந்த உயரத்தில் தொட்டது என்று யார் அளந்தார்கள்? எழுத்து தள்ளிப்போவது இங்கேதான். மூன்று பக்கமும் அளக்கும் டச் பிளேட் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று விற்கிறார்கள். சாய்ந்த பக்கத்தில் தொட்டால் அதுவும் ஏமாறும்.

என் வழி எளிது. உடைந்த 6 மில்லி பிட்டின் தண்டைத் தலைகீழாக, பிட்டைப் பிடிக்கும் கொல்லெட்டில் மாட்டுவேன். ஸ்பிண்டில் ஓடாது. விளிம்புக்கும் தண்டுக்கும் நடுவே ஜெராக்ஸ் தாள். அதன் தடிமன் ஏறக்குறைய 0.1 மில்லி. தாள் இழுபட்டதும் நடு 3.1 மில்லியில் இருக்கிறது. எக்ஸ், ஒய் இரண்டையும் இப்படி எடுத்துவிட்டு வி-பிட்டை மாட்டுவேன். பிட் மாறினாலும் ஸ்பிண்டிலின் நடு மாறாது. புதிதாக எடுக்க வேண்டியது உயரத்தின் சீரோவான இசட் மட்டுமே. மெஷினை ஓட்டும் டிஎஸ்பி ரிமோட்டில் எக்ஸ்-ஒய் சீரோவுக்கு ஒரு பொத்தான், இசட்டுக்கு வேறு பொத்தான் வைத்திருப்பது சும்மா இல்லை.

இசட்டில்தான் பொறுமை வேண்டும். வி-பிட்டில் ஆழம் என்றால் அகலம். 0.3 மில்லி கூடுதலாக இறங்கினால் 60 டிகிரியில் கோடு 0.35 மில்லி தடிக்கும். 90 டிகிரி பிட்டில் 0.6. 'ண'வின் சுவர் போகாமல் என்ன செய்யும்? இதற்குத் தாள் உதவாது. கூர்முனை தாளை இழுக்காது, குத்திவிடும். அதே 6 மில்லி தண்டைப் பலகைமேல் படுக்க வைத்து, முனையை அதைவிடக் கொஞ்சம் தாழ்வாகப் பக்கத்தில் நிறுத்துவேன். தண்டை உருட்டிப் பார்த்துக்கொண்டே பிட்டை 0.01 மில்லியாக ஏற்றுவேன். முதன்முறை அடியில் உருண்டு போகிற இடம்தான் இசட் 6.00. முனை எதன்மேலும் அழுந்துவதில்லை. கார்பைடு முனை மிகவும் நொறுங்கும் சாமான்.

மழைக்காலத்தில் பலகை குழிவாக வளையும். நடுவில் எடுத்த இசட் ஓரத்துக்குப் பொருந்தாது. அப்போது முகத்தைச் சீவாமல் வி-பிட்டைத் தொடவே மாட்டேன்.

கதவில் பிள்ளையார் உருவம் வந்தால் வேறு சிக்கல். முதலில் நேர் பிட்டால் கழிவை எடுத்து, பிறகு உருண்டை முனைக் கூம்பு பிட்டால் மெருகேற்ற வேண்டும். முதல் பிட் மரத்தின் மேல்முகத்தையே தின்றுவிட்டால், இரண்டாவதுக்கு இசட் எடுக்க இடமிருக்காது. அதனால் டிசைனிலேயே ஒரு மூலையை வெட்டாமல் விடுவேன். அதுவும் முடியாவிட்டால், இரண்டு பிட்டுக்கும் பெட்டில் இசட் எடுத்து, மரத்தின் கனத்தை வெர்னியரில் அளந்து கணக்கில் சேர்ப்பேன்.