கோடையில் மண் எடுக்க வரும் மாணவர்

அமெரிக்காவில் கல்லூரிகளுக்கு மே மாதத்தில் கோடை விடுமுறை தொடங்குகிறது. நமக்குக் கோடை என்றால் மானாவாரி நிலம் காய்ந்து கிடக்கும் காலம். அந்நாட்டின் நடுப்பகுதியிலோ பனி விலகி, மக்காச்சோளமும் சோயா பீன்ஸும் முளைத்து நிற்கும் காலமே அதுதான். பயிர் கண்ணெதிரே இருக்கும் இந்தப் பத்துப் பன்னிரண்டு வாரங்களுக்கு, வேளாண்மை படிக்கும் மாணவ மாணவிகளைக் கவுண்ட்டி விரிவாக்க அலுவலகங்களில் சம்பளம் கொடுத்துப் பயிற்சிக்கு எடுத்துக் கொள்கிறார்கள். கன்சாஸ், நெப்ராஸ்கா, டெக்சாஸ் முதலிய மாநிலங்களில் இம்முறை நடைபெறுகிறது. அங்கே அவர்கள் செய்யும் வேலைகளில் நம் விவசாயிகளுக்கும் பயன்படக்கூடியவை சில உண்டு.

கவுண்ட்டி என்பது நம் தாலுகா அல்லது மாவட்டம் போன்ற ஒரு நிர்வாகப் பிரிவு. நாடு முழுவதும் மூவாயிரத்துக்குச் சற்று அதிகமான கவுண்ட்டிகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு விரிவாக்க அலுவலகம் உண்டு. அங்குள்ள அலுவலரை 'ஏஜெண்ட்' என்பார்கள். அவர் மானியம் வழங்குவதில்லை. அதற்கு வேறு அலுவலகம் இருக்கிறது. விதையோ உரமோ விற்பதில்லை. மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும் விவசாயிக்கும் இடையே நிற்பவர் அவர். விற்பதற்கு எதுவும் கையில் இல்லாததால்தான் அவர் சொல்லுக்கு மதிப்பு என்பது என் எண்ணம்.

இந்த ஏற்பாடு பிறந்த கதை பருத்தி விவசாயிகளுக்குப் பிடிக்கும். 1890-களில் மெக்சிகோவிலிருந்து பருத்திக் கூன்வண்டு டெக்சாசுக்குள் புகுந்து காய்களைத் தின்று தீர்த்தது. சீமன் நாப் என்பவர் அரசாங்கத்தின் சார்பில் விவசாயிகளுக்குப் புது முறைகளைக் காட்டும் பணியில் இருந்தார். சர்க்கார் பண்ணையில் செய்து காட்டினால், 'சர்க்கார் பணம், அதனால் விளைகிறது' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள் என்று அவர் கண்டுகொண்டார். ஆகவே 1903-ம் ஆண்டு டெரல் என்ற ஊரில் வால்டர் போர்ட்டர் என்ற விவசாயியின் சொந்த நிலத்தில், அவர் கையாலேயே, புதிய முறைப்படி பயிர் செய்ய வைத்தார். நஷ்டம் வந்தால் ஈடுகட்ட ஊர் வியாபாரிகள் பணம் ஒதுக்கி வைத்தார்கள். நஷ்டம் வரவில்லை, லாபமே வந்தது.

1906-ல் அதே மாநிலத்தின் ஸ்மித் கவுண்ட்டி தனக்கென ஓர் ஏஜெண்டை நியமித்துக் கொண்டது. அதே ஆண்டில் அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில், கருப்பின விவசாயிகளுக்காக ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் வகுத்த கருவி வண்டி ஒன்று கோவேறு கழுதைகள் இழுக்க ஊர் ஊராகப் புறப்பட்டது. தாமஸ் கேம்ப்பெல் என்பவர் அதை நடத்தினார். 1914-ல் ஸ்மித்–லீவர் சட்டம் இப்பணியை நாடு முழுவதற்கும் ஆக்கியது. மத்திய அரசு, மாநிலம், கவுண்ட்டி ஆகிய மூன்றும் செலவைப் பகிர்ந்து கொள்கின்றன.

இனி மாணவர் விஷயம். வந்தவுடன் கையில் கிடைப்பது பெரும்பாலும் ஒரு டேப்பும் குறிப்பு நோட்டும்தான். மக்காச்சோள வயலில் பயிர் எண்ணிக்கை எடுக்க வேண்டும். அங்கே வரிசைக்கு வரிசை 30 அங்குலம் இடைவெளி விடுவது வழக்கம். ஒரே வரிசையில் 17 அடி 5 அங்குலம் அளந்து, அதிலுள்ள செடிகளை எண்ணி, ஆயிரத்தால் பெருக்கினால் ஏக்கருக்கு எத்தனை பயிர் என்று தெரிந்துவிடும். அந்த நீளம் ஏக்கரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இரண்டு அடி இடைவெளியில் மக்காச்சோளம் போடும் நம் விவசாயி 21 அடி 9 அங்குலம் அளந்தால் இதே கணக்கு வரும். வயலில் ஐந்தாறு இடங்களில் எண்ணிச் சராசரி பார்க்க வேண்டும். ஏக்கருக்கு 26 ஆயிரம் எதிர்பார்த்த இடத்தில் 18 ஆயிரம்தான் நிற்கிறது என்றால், விதையா, விதைத்த ஆழமா, குருத்துப்புழுவா என்று அன்றே தேடலாம். அறுவடையில் குறைந்த பிறகு தேடிப் பயனில்லை.

அடுத்தது மண் மாதிரி. இதுதான் மாணவர்கள் அதிகம் தவறு செய்யும் வேலை. பார்க்க எளிது, அதனாலேயே அலட்சியம் வந்துவிடும். 20 ஏக்கர் நிலத்தின் உரச் செலவு கடைசியில் ஒரு சிறு பை மண்ணைப் பொறுத்து நிற்கிறது. வண்டி நிறுத்திய இடத்துக்குப் பக்கத்திலேயே நான்கு குத்து குத்தி எடுத்து வந்தால், பரிசோதனைக் கூடம் எவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தாலும் விடை தவறுதான். வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பதினைந்து இருபது இடங்களில் ஒரே ஆழத்துக்கு எடுக்க வேண்டும். துத்தநாகச் சத்தும் பார்ப்பதாக இருந்தால் துத்தநாக முலாம் பூசிய வாளியைத் தொடக்கூடாது. இதையெல்லாம் மாணவர் வகுப்பில் படித்துத் தேர்வும் எழுதியிருப்பார். வெயிலில் பதினெட்டாவது இடத்துக்கு நடந்து போவதுதான் இங்கே தேர்வு.

மழை பொய்க்கும் ஆண்டுகளில் இன்னொரு வேலை வந்து சேரும். அதில் விளையாட்டுக்கு இடமில்லை, ஏனென்றால் மாடுகளின் உயிர் சம்பந்தப்பட்டது. வாடிப்போன தீவனச் சோளத்தை வெட்டிப் போடலாமா, மேய விடலாமா என்று விவசாயிகள் கேட்டு வருவார்கள். வறட்சியில் சோளம் மண்ணிலிருந்து நைட்ரேட்டை உறிஞ்சும், ஆனால் அதைப் புரதமாக மாற்ற முடியாமல் அடித்தண்டில் சேர்த்து வைக்கும். அதிகம் தின்ற மாட்டின் இரத்தம் சாக்லேட் நிறமாக மாறி, மூச்சுக்காற்றைச் சுமக்கும் சக்தியை இழந்துவிடும். சில மணி நேரத்தில் மாடு விழுந்துவிடலாம். வறட்சிக்குப் பின் நல்ல மழை பெய்தால் ஆபத்து தீர்ந்தது என்று எண்ணுவது தவறு. மழைக்குப் பிந்திய சில நாட்களில் நைட்ரேட் மேலும் ஏறும்.

சில கவுண்ட்டி அலுவலகங்களில் இதற்கு ஓர் உடனடிச் சோதனை வைத்திருக்கிறார்கள். தண்டை அடியிலிருந்து நெடுக்காகப் பிளந்து, டைபினைலமைன் கரைசலை ஒரு துளி விடுவார்கள். உடனே கருநீலமானால் சந்தேகம் வலுக்கிறது. மாதிரி பரிசோதனைக் கூடத்துக்குப் போகும். கந்தக அமிலம் சேர்ந்த கரைசல் என்பதால் ஏஜெண்ட் பக்கத்தில் நின்று செய்விப்பதே முறை. விடை தெரியும் முன், 'கொஞ்சம் போட்டுப் பாருங்கள்' என்று மாணவர் வாய் தவறிச் சொல்லிவிடக்கூடாது. 'எனக்குத் தெரியவில்லை, கேட்டுவந்து சொல்கிறேன்' என்று ஐம்பது வயது விவசாயியிடம் சொல்ல இருபது வயது மாணவருக்குக் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சம் போவது பயிற்சியில் ஒரு பாதி.

நம் ஊரிலும் சோளத்தட்டை தின்று மாடு சாவது உண்டு என்பதால் ஒரு வார்த்தை. இளஞ்சோளத்திலும், வாடிய பின் விடும் துளிரிலும் வரும் சயனைடு நஞ்சு வேறு, இந்த நைட்ரேட் நஞ்சு வேறு. முன்னது தட்டை நன்றாகக் காய்ந்தால் பெரும்பாலும் போய்விடும். நைட்ரேட் காய்ந்த தட்டையிலும் அப்படியே இருக்கும். ஊறுகாய்ப் புல்லாகப் பதப்படுத்தினால் ஓரளவு குறையும். அடித்தண்டை அரை அடி முதல் ஓர் அடி வரை நிலத்திலேயே விட்டு மேலே அறுப்பதும், வேறு தீவனத்துடன் கலந்து கொடுப்பதும், வெறும் வயிற்று மாட்டுக்குப் போடாதிருப்பதும் பாதுகாப்பு.

ஜூலை, ஆகஸ்டில் கவுண்ட்டிச் சந்தை கூடும். சிறுவர் சிறுமியருக்கான '4-எச்' சங்கங்கள் விரிவாக்க அலுவலகத்தைச் சேர்ந்தவை. பிள்ளைகள் தாம் வளர்த்த கன்று, ஆடு, பன்றிகளைக் கொண்டுவந்து காட்டுவார்கள். எடை போடுவது, சீட்டுக் கட்டுவது, மரத்தூள் பரப்புவது எல்லாம் மாணவர் தலையில் விழும். விவசாயம் படித்துவிட்டு இதற்கா வந்தோம் என்று முணுமுணுப்பவர்களும் உண்டு. ஆனால் அலுவலகத்துப் படி ஏறாத விவசாயியும் தன் பேத்தியின் கன்றைப் பார்க்கச் சந்தைக்கு வருவார். அவரிடம் பேச்சுக் கொடுக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. கவுண்ட்டியின் பங்குப் பணம் உள்ளூர் வரவு செலவுத் திட்டத்தில் வர வேண்டியது. ஊருக்குப் பயனில்லை என்று தோன்றினால் அலுவலகத்தின் பணம்தான் முதலில் குறையும்.

தமிழ்நாட்டிலும் வேளாண் பட்டப்படிப்பு மாணவர்கள் கடைசி ஆண்டில் கிராமங்களில் தங்கிப் பயிற்சி பெறுகிறார்கள். பல ஊர்களில் அவர்களுக்குக் காபி கொடுத்து, கூட்டம் போட்டு, படம் எடுத்து அனுப்பிவிடுகிறோம். அதைவிட ஒரு வேலை கொடுக்கலாம். அறுவடை முடிந்து உழவுக்கு முன் நிலம் காலியாக இருக்கும்போது மண் மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். நீங்களும் கூட நடங்கள்.

வரப்பு ஓரம், மர நிழல், எருக்குவித்த இடம், வாய்க்கால் அருகு ஆகியவற்றை விட்டுவிட வேண்டும். மேற்பரப்பில் உள்ள சருகை அகற்றி, ஆங்கில 'வி' எழுத்து வடிவில் அரை அடி ஆழம் வெட்டி, பக்கச் சுவரில் மேலிருந்து கீழ்வரை விரல் கனத்துக்குச் சுரண்டி எடுக்க வேண்டும். பத்துப் பதினைந்து இடத்து மண்ணைச் சுத்தமான பிளாஸ்டிக் வாளியில் கலந்து, பரப்பி நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளி, அரைக் கிலோ வரும்வரை குறைக்க வேண்டும். உரச் சாக்கில் போடக்கூடாது. நிழலில் உலர்த்தி, பையின் மேல் பெயர், ஊர், சர்வே எண், முன் பயிர், அடுத்து வைக்கப் போகும் பயிர் ஆகியவற்றை எழுதச் சொல்லுங்கள். முடிவுச் சீட்டு வந்ததும் அதை வயலுக்கே கொண்டுவந்து படித்து விளக்குவதும் அவர் பொறுப்பு என்று முதல் நாளே பேசி வைத்துக் கொள்ளலாம்.