ஒன்றேகால் டொலரும் ஐந்து சிலிங்கும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி அமெரிக்க அரசியலை ‘ஜாக்சன் சனநாயகம்’ என விதந்துரைப்பது வரலாற்று நூல்களின் மரபு. சொத்துத் தகைமை தளர்ந்து, வெள்ளை ஆண்களுட் பெரும்பாலோர் வாக்குரிமை பெற்றது அக்காலத்திலேயே. அன்ட்ரூ ஜாக்சன் 1830 இல் கையொப்பமிட்ட அகற்றற் சட்டம், மிசிசிப்பிக்குக் கிழக்கே வாழ்ந்த பூர்வகுடிகளை மேற்கே துரத்த வழிவகுத்தது. இவ்விரண்டையும் வெவ்வேறு அத்தியாயங்களில் வைத்துப் பேசும்வரை அவ்வரசின் வர்க்க இயல்பு புலப்படாது. கொஸ்லந்தைச் சரிவுகளிலிருந்து நோக்குவோர்க்கு அது எளிதில் விளங்கும்.

1817-18 இல் ஜாக்சன் புளோரிடாவிற் செமினோல் மக்கள்மீது படை நடத்தினார். அதே ஆண்டுகளில் ஊவா-வெல்லசக் கிளர்ச்சியைத் தேசாதிபதி பிரவுன்ரிக் அடக்கினார். ஊர்களும் விளைச்சலும் எரியூட்டப்பட்டன. 1818 நவம்பரிற் கெப்பெட்டிபொல சிரச்சேதம் செய்யப்பட்டார். ஆயினும் போர் ஆட்சிப்பரப்பையே தரும். விற்கத்தக்க நிலத்தைத் தருவது சட்டம்.

பூர்வகுடிகளுக்கு இருப்பது குடியிருக்கும் உரிமையே, மேலுரிமை அரசுக்கே என 1823 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் கூறிற்று. இலங்கையின் 1840 ஆம் ஆண்டு 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் மாறாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியவை எனக் கொண்டது. கண்டிப் பிரதேசத்துச் சேனை நிலத்துக்குச் சன்னசோ வரி செலுத்திய சான்றோ வேண்டப்பட்டது. நிரூபிக்கும் பாரம் உழவன் தலையில் விழுந்தது. அமெரிக்காவில் 1820 முதல் ஏக்கர் ஒன்றின் குறைந்த விலை ஒன்றேகால் டொலர். இலங்கையில் ஐந்து சிலிங். அக்கால நாணய மாற்றின்படி இரண்டும் ஏறத்தாழ ஒரே தொகை! தேசாதிபதி ஸ்டுவர்ட் மெக்கன்சியே வாங்குவோர் வரிசையில் நின்றார். 1844 இல் விலை ஒரு பவுணாயிற்று.

வேறுபாடும் உண்டு. செரோக்கியர் 1838 இல் ஊரோடு பெயர்க்கப்பட்டனர்; வழியில் மாண்டோர் ஏறத்தாழ நாலாயிரவர் என்பர். ஊவாவிலோ கிராமம் நின்ற இடத்திலேயே நின்றது. அதன் சேனையும் மேய்ச்சலும் கழன்றன. வயல் எஞ்சியமையால், கண்டிய உழவன் கோப்பித் தோட்டத்தில் ஆண்டு முழுதும் கூலியாக உழைக்க இசைந்தானல்லன். நிலம் எளிதிற் கிட்டும் குடியேற்றங்களிற் கூலியாளர் நிலைப்பதில்லை என்பதே வேக்பீல்டின் கவலை என்பதை மார்க்ஸ், ‘மூலதன’த்தின் முதற்றொகுதி இறுதி அத்தியாயத்தில் எள்ளலோடு எடுத்துக்காட்டுவார். ஜோர்ஜியா, அலபாமாப் பருத்தி நிலங்களுக்கு அடிமைகள் கொணரப்பட்டனர். ஊவாவுக்குத் தமிழகத்து வறியோர். இருவரும் ஒன்றெனல் பொருந்தாது. ஒருவர் சட்டத்தின்படி விலைப்பொருள். மற்றவர் துண்டுக் கடனாற் கங்காணியிடம் கட்டுண்டவர். எனினும், தாம் திருத்திய மண்ணில் இருவருக்கும் நிலமில்லை.

கண்டிய உழவனின் நிலத்தைத் தமிழ்த் தொழிலாளி பறித்தான் என்னும் பிற்கால வாதம் இவ்விடத்திற் பொய்த்துவிடுகிறது. ஒரே நிலக்கொள்கையே ஒருவனது சேனையைப் பறித்து மற்றவனை லயனில் அடைத்தது. ஆயினும் அவ்வாதம் 1948 இற் பிரசாவுரிமையையும் 1949 இல் வாக்கையும் பறிக்கத் துணைபோயிற்று. 2003 ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியோருக்குப் பிரசாவுரிமை வழங்கிற்று, நிலத்தை வழங்கவில்லை.

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயன்களை மூடிற்று. அவ்விடம் அபாயகரமானதெனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. மக்கள் ஏன் முன்னரே வெளியேறவில்லை எனப் பின்னர் வினவப்பட்டது. லயன் அறை தோட்டத்துக்குரியது, வேலையோடு பிணைந்தது. தமக்கென ஒரு பேர்ச் காணியும் இல்லாதோர் எங்கு வெளியேறுவர்?