கதிர் கட்டாத சோளம் யாருக்கு?

படுவான்கரைக் கிராமங்களுக்குச் சோளம் புதிய பயிர் அல்ல. காடு வெட்டிச் சேனை செய்த காலம் தொட்டு மாரி மழையோடு அதை விதைத்து வந்திருக்கின்றோம். இளங்கதிரை அவித்தும் சுட்டும் தின்போம். முற்றியதைக் காயவைத்து விற்போம். கதிர் ஒடித்த பின் காய்ந்து நிற்கும் தட்டையில் மாடு வாய் வைத்தால் அது மாட்டின் அதிர்ஷ்டம். மாட்டுக்கென்றே சோளம் விதைக்கும் வழக்கம் எம்மிடம் இருக்கவில்லை.

இன்று அதைப்பற்றி யோசிக்க வேண்டிய நிலைக்கு வந்திருக்கின்றோம். பெரும்போகத்தில் வயல்கள் எல்லாம் வேளாண்மையாகி விடுவதால் மாடுகளுக்கு இறங்க இடம் இல்லை. அறுவடை முடிந்தால் சில மாதம் தாளும் வைக்கோலும் கிடைக்கும். பின்பு கச்சான் காற்று வீசத் தொடங்கினால் ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் புல் கருகி மண் தெரியும். ஆண்டில் இரண்டு தடவை மாடு பட்டினி கிடக்கின்றது. மாரி பொய்த்துவிட்டால் இரண்டு பட்டினியும் ஒன்றாகிவிடும். 2016இலும் 2017இலும் நீடித்த வரட்சியில் இதைக் கண்டோம்.

பட்டினி கிடந்த மாடு வரட்சியில் மட்டும் சாவதில்லை. 2022 டிசெம்பரில் மாண்டஸ் புயலை ஒட்டி வீசிய குளிர்காற்றிலும் மழையிலும் வடக்கு கிழக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் மடிந்தன. வெட்டவெளிப் பட்டியில் நனைந்து நின்ற மாட்டுக்கு உடற்சூடு வேண்டும். அந்தச் சூடு பெரும்பகுதி வயிற்றில் கிடக்கும் தீனில் இருந்தே வருகின்றது. மெலிந்த உடம்பும் வெறும் வயிறும் குளிரைத் தாங்கமாட்டா. எனவே தீன் சேமிப்பது பாலுக்காக மட்டும் அல்ல, உயிருக்காகவும்தான்.

நாம் சொன்ன பாதி யோசனை

மாரி பொய்த்த ஒரு பெரும்போகத்தில் எமக்கு நேர்ந்த அனுபவத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஓர் அக்கா முக்கால் ஏக்கர் மேட்டுநிலத்தில் ஒக்டோபர் கடைசியில் சோளம் விதைத்திருந்தார். முதல் மழைக்குப் பயிர் நன்றாக எழும்பியது. யூரியாவும் போட்டார். பின்பு மழை நின்றுவிட்டது. பூக்கும் நேரத்தில் இலைகள் சுருண்டன. ஆண்பூ வந்தது, கதிரில் நூல் சரியாக வரவில்லை. நாம் போய்ப் பார்த்தபோது அவர் கேட்டார்: “தம்பி, கதிர் வரல்ல. இனி இத என்ன செய்யிற?”

“வெட்டி மாட்டுக்குப் போடுங்கோ அக்கா, வீணாக்க வேண்டாம்” என்று சொல்லிவிட்டு வந்தோம்.

இரண்டு நாட்களின் பின் எதிர்பாராமல் ஓர் இரவு நல்ல மழை பெய்தது. மறுநாள் பயிர் பசுமை கண்டிருந்தது. அவர் அடியோடு அறுத்து, முதல் நாள் முழுவதும் அரைவயிற்றோடு கட்டி நின்ற மாடுகளுக்கு அள்ளிப் போட்டார். பொழுது சாயுமுன் ஒரு கறவை மாடு மூச்சு வாங்கித் தள்ளாடி விழுந்து இறந்தது. இன்னொன்றுக்குக் கால்நடை வைத்தியர் வந்து ஊசி போட்டதால் அது பிழைத்தது. இறந்த மாட்டின் இரத்தம் கரும் கபில நிறமாக இருந்ததைக் காட்டி, “இது நைத்திரேற்று நஞ்சு” என்றார் வைத்தியர்.

நாம் சொன்ன யோசனை பிழை அல்ல. ஆனால் அது பாதி யோசனை. மறுபாதியைச் சொல்லாமல் வந்ததன் விலையை அந்த அக்கா கொடுத்தார். அந்த மறுபாதியே இக்கட்டுரை.

நல்ல பயிர் நஞ்சாவது எப்படி?

பயிர் மண்ணில் இருந்து நைத்திரேற்றை வேரால் உறிஞ்சி, இலையில் வெயிலின் துணையோடு அதைப் புரதமாக மாற்றுகின்றது. வரட்சியில் இலை வேலை செய்வதில்லை. ஆகவே உறிஞ்சிய நைத்திரேற்று தண்டிலேயே தங்கிவிடுகின்றது. யூரியாவோ கோழி எருவோ அதிகம் போட்ட நிலத்தில் இது மேலும் கூடும். நீண்ட வரட்சிக்குப் பின் மழை பெய்தால் வேர் திடீரென்று நிறைய உறிஞ்சும். இலை தேறுவதற்குச் சில நாட்கள் ஆகும். அந்த இடைப்பட்ட நாட்களே மிக ஆபத்தானவை.

மாட்டின் வயிற்றில் நைத்திரேற்று, நைத்திரைற்றாக மாறி இரத்தத்தில் கலக்கின்றது. அப்போது இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கின்றது. மாடு மூச்சு விட்டுக்கொண்டே மூச்சுத் திணறிச் சாகின்றது. வேகமான மூச்சு, நடுக்கம், தள்ளாட்டம், முரசும் கண்ணின் உட்புறமும் கபில நிறமாதல் என்பன அறிகுறிகள். கண்டவுடன் தீனை அகற்றி, மாட்டை ஓட்டாமல் விரட்டாமல் நிழலில் விட்டு, கால்நடை வைத்தியரை அழைக்க வேண்டும். மெதிலீன் நீலம் என்ற மருந்தை அவர் நாளத்தில் ஏற்றுவார். இது மணிக்கணக்கில் முடிந்துவிடும் காரியம். காலையில் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது.

இதைப் படித்துவிட்டுச் சோளமே வேண்டாம் என்று நினைக்க வேண்டாம். பின்வரும் நான்கையும் கைக்கொண்டால் ஆபத்தைப் பெருமளவு தவிர்க்கலாம்.

1. வரட்சிக்குப் பின் மழை பெய்தால் குறைந்தது ஒரு வாரம் பொறுத்தே வெட்ட வேண்டும்.

2. தண்டின் அடிப்பகுதியிலேயே நைத்திரேற்று அதிகம். எனவே நிலத்தில் இருந்து ஓர் அடி விட்டு வெட்ட வேண்டும்.

3. பசித்த மாட்டுக்குக் கொடுக்கக் கூடாது. முதலில் வைக்கோல் கொடுத்து, பின்பு சிறிதளவு சோளம் கொடுத்து, ஒரு வாரத்தில் படிப்படியாகக் கூட்ட வேண்டும். சினை மாட்டில் கூடுதல் கவனம் தேவை. வெட்டிய பச்சையை இரவு முழுவதும் குவித்து வைத்துச் சூடேற விட்டு மறுநாள் போடுவதும் கூடாது.

4. முடிந்தால் பச்சையாகக் கொடுக்காமல் பதனிட்டுக் கொடுக்க வேண்டும். பதப்படும்போது நைத்திரேற்றில் நல்ல பங்கு அழிந்துவிடும்.

விதைக்கும்போதே மாட்டை நினைத்தல்

கதிருக்காக விதைக்கும் சோளத்தில் பூக்கும் வேளையில் மழை தவறினால் எல்லாம் போயிற்று என்கிறோம். தீனுக்காக விதைத்தால் இழப்பு அவ்வளவு பெரிதல்ல. கதிர் கட்டாத பயிரில் மாச்சத்துக் குறைவுதான். ஆனால் மணிக்குப் போக வேண்டிய சீனி தண்டிலும் இலையிலும் தங்கிவிடுகின்றது. அது மாட்டுக்கு உதவும்.

மேட்டுநிலத்தையே தெரிவு செய்ய வேண்டும். முளைத்து ஐந்தாறு இலை வரும்வரை சோளத்தின் குருத்து மண்ணுக்குக் கீழேதான் இருக்கின்றது. இரண்டு மூன்று நாள் வெள்ளம் நின்றால் அழுகிவிடும். எனவே வரம்பு கட்டி அதன் மேல் விதைத்து, பள்ளத்தால் நீர் வடிய விடுவது நல்லது. மழை குறைந்தால் அதே பள்ளம் ஈரத்தைத் தேக்கவும் உதவும்.

வரிசைக்கு வரிசை இரண்டு அடியும், வரிசையில் அரை அடியும் போதும். இந்த இடைவெளிக்கு ஏக்கருக்கு ஏறத்தாழ 14 கிலோ விதை தேவை. தீன்பயிர்தானே என்று இதனிலும் நெருக்கி விதைத்தால் மழை தவறும் ஆண்டில் எல்லாச் செடியும் தண்ணீருக்குப் போட்டியிட்டு வாடும். மகா இலுப்பள்ளமயில் இருந்து வந்த பத்ரா, ருவன் போன்ற வகைகளில் விதையை நாமே எடுத்து வைக்கலாம். கலப்பின விதையில் அது சரிவராது. நன்கு உக்கிய மாட்டெருவை நிலம் பண்படுத்தும்போதே இட வேண்டும். யூரியாவை ஈரம் இருக்கும்போது பிரித்து இடலாம்; வாடி நிற்கும் பயிருக்கு இடவே கூடாது.

2018இன் பிற்பகுதியில் எமது நாட்டில் காணப்பட்ட படைப்புழுவை மறக்க வேண்டாம். முளைத்த இரண்டாம் வாரத்தில் இருந்து வாரத்தில் இரு தடவை குருத்தைப் பிரித்துப் பார்த்து, முட்டைக் கூட்டங்களையும் புழுக்களையும் நசுக்க வேண்டும். கிருமிநாசினி விசிறினால், பொதியில் குறிப்பிட்ட நாட்கள் கழியும்வரை அந்தப் பயிரை மாட்டுக்குக் கொடுக்கக் கூடாது.

யானையும் பன்றியும் வரும் ஊர்களில் இன்னொரு நன்மையும் உண்டு. தீன்பயிரைக் கதிர் முற்றும் முன்னரே வெட்டுவதால் பரணில் விழித்திருக்கும் இரவுகளில் இரண்டு மூன்று கிழமைகளாவது குறையும்.

வெட்டும் நாளும் பதனிடும் முறையும்

மழை ஒழுங்காகக் கிடைத்த பயிரை 80 முதல் 90 நாட்களில், மணியில் பால் பாதி இறுகிய பதத்தில் வெட்டலாம். கதிர் கட்டாத பயிருக்கு நாள் கணக்கு உதவாது. வெளியே இலை காய்ந்து தெரிந்தாலும் உள்ளே தண்டில் நீர் நிறைய இருக்கும். எனவே கையால் சோதிக்க வேண்டும். நறுக்கிய தீனை ஒரு பிடி எடுத்து அரை நிமிடம் இறுக்கிப் பிடியுங்கள். சாறு வடிந்தால் ஈரம் அதிகம். வெட்டியதை அரை நாள் வாடவிட வேண்டும். கை திறந்தவுடன் உதிர்ந்தால் காய்ந்து விட்டது. சிறிது நீர் தெளித்து இன்னும் இறுக்கமாக மிதிக்க வேண்டும். உருண்டை மெல்ல விரிந்தால் அதுவே பதம்.

சைலேஜ் என்று சொல்லப்படும் பதனிட்ட தீன், புல்லுக்கு ஊறுகாய் போடுவதைப் போன்றது. காற்றை வெளியேற்றி மூடினால், பயிரின் சீனியைப் பற்றீரியாக்கள் புளிப்பாக மாற்றுகின்றன. அந்தப் புளிப்பு தீனை அழுகாமல் காக்கின்றது. செய்வது எளிது. ஓர் அங்குலத்துக்கு மேற்படாமல் நறுக்கி, அரை அடி அரை அடியாகப் பரப்பி, ஒவ்வொரு படையையும் காலால் நன்றாக மிதித்து, ஒரே நாளில் முடித்து, தடித்த பொலித்தீனால் மூடி, மேலே மண்ணோ பாரமோ வைக்க வேண்டும். எமது பகுதியில் மாரியில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடுவதால் குழி வெட்டுவதை விட மேட்டில் குவியலாக அமைப்பது நல்லது. ஒன்றிரண்டு மாடு உள்ளவர்களுக்கு இறுக்கமான மூடி உள்ள பிளாஸ்ரிக் பீப்பாய் போதும். எலி ஓட்டை போட்டால் உடனே ஒட்ட வேண்டும்; காற்றுப் புகுந்த இடத்தில் பூஞ்சணம் பிடிக்கும்.

வரட்சிச் சோளத்தைப் பதனிடும்போது முதல் இரண்டு மூன்று கிழமைகளில் மஞ்சள் கலந்த கபில நிற நச்சுவாயு வெளிவரலாம். அது காற்றை விடப் பாரமானது. தாழ்ந்த இடத்தில் தங்கும். அந்நாட்களில் குவியலைத் திறக்கவோ, பக்கத்தில் பிள்ளைகளை விளையாட விடவோ கூடாது. ஆறு கிழமைகளுக்குப் பின் திறந்தால் இளம்புளிப்பு வாசனையும் பொன் கலந்த பச்சை நிறமும் இருக்க வேண்டும். கறுத்து நாறுவதையும் பூஞ்சணம் பிடித்ததையும் அகற்றிவிட வேண்டும். காற்றுப் புகாதிருந்தால் ஒரு வருடம் வரை வைத்திருக்கலாம். ஆகவே ஜனவரியில் மூடியதைக் கச்சானிலும் திறக்கலாம், அடுத்த மாரிக் குளிரிலும் திறக்கலாம்.

எவ்வளவு தேவை?

ஒரு கணக்குப் பார்ப்போம். இரண்டு கறவை மாடுகளுக்கு நாளுக்கு 15 கிலோ வீதம் 60 நாட்களுக்கு 1,800 கிலோ தேவை. காலால் மிதித்த குவியலில் ஒரு கன மீற்றருக்கு ஏறத்தாழ 500 கிலோ அடங்கும் என்று கொண்டால், நான்கு கன மீற்றர் இடம் போதும். 200 லீற்றர் பீப்பாய் என்றால் 18. மழை குறைந்து ஏக்கருக்கு 5 தொன் பச்சைதான் கிடைத்தாலும், கழிவு போக அரை ஏக்கர் இதற்குப் போதுமாகும்.

சோளத்தில் புரதம் குறைவு. வேலியில் நிற்கும் சீமைக்கிளுவை இலையை வாடவைத்து நாளுக்கு இரண்டு மூன்று கிலோ சேர்த்துக் கொடுத்தால் அந்தக் குறை தீரும். நைத்திரேற்றுச் சந்தேகம் உள்ள தீனோடு யூரியா ஊட்டிய வைக்கோலைச் சேர்க்க வேண்டாம்.

இந்த வேலையில் கடினமானது நறுக்குவதும் மிதிப்பதும்தான். தனி ஒருவரால் ஒரே நாளில் முடிக்க முடியாது. கிராமத்துக்கு ஒரு நறுக்கும் இயந்திரத்தைச் சங்கமாகச் சேர்ந்து வாங்கி, வேளாண்மை வெட்டில் கைமாற்று வேலை செய்வதைப் போல, இன்று உங்கள் வீடு, நாளை எங்கள் வீடு என்று செய்தால் முடியும்.

மாட்டை இழந்த அந்த அக்கா அடுத்த மாரியிலும் சோளம் விதைத்தார். அந்த முறை நாம் வெட்டுக்கு முன்பும் போனோம், வெட்டும் நாளிலும் நின்றோம். தண்டை ஓர் அடி விட்டு அவரே கத்தி பிடித்தார். நான்கு வீட்டார் சேர்ந்து மிதித்தார்கள். செப்டெம்பரில் முதற் பீப்பாயைத் திறந்து ஒரு பிடி போட்டபோது மாடு முகர்ந்து பார்த்துத் தயங்கியது. மூன்றாம் நாள் பீப்பாய் மூடி திறக்கும் சத்தத்துக்கே எழும்பி நின்றது.

“தம்பி, இத நீங்க முந்தியே முழுசாச் சொல்லியிருக்கலாம்” என்றார் அவர். உண்மைதான். அதனால்தான் இம்முறை முழுவதையும் எழுதியிருக்கின்றோம்.