இரு எண்டோஸ்கோபியிலும் தெரியாத இரத்தக்கசிவு

கான்சாபுரம், வத்திராயிருப்புப் பகுதிகளிலிருந்து இரத்தசோகையுடன் வருவோரில் பலர், மூலத்தால்தான் இரத்தம் குறைகிறது என்று தாமே முடிவு செய்துகொண்டு வருகின்றனர். சிலருக்கு அது உண்மையே. மூட்டுவலிக்கென மருந்துக்கடையில் கேட்டு வாங்கி உண்ணும் வலிமாத்திரைகளால் உண்டாகும் இரைப்பைப் புண்ணையும் நாங்கள் முதலில் தேடுகிறோம்.

ஆயினும், இரைப்பை எண்டோஸ்கோபி, கொலோனோஸ்கோபி ஆகிய இரண்டும் இயல்பாக அமைந்தும் ஒரு சிலருக்கு ஹீமோகுளோபின் மீண்டும் மீண்டும் இறங்குகிறது. இரத்தம் ஏற்றினால் உயரும். சில வாரங்களில் பழைய நிலைக்கே வரும். இத்தகையோரின் சிறுகுடலை ஆராய்ந்தே ஆகவேண்டும். சுமார் 6 மீட்டர் நீளமுள்ள அக்குடலின் தொடக்கத்தையும் முடிவையும் மட்டுமே அவ்விரு கருவிகளும் எட்டுகின்றன.

அங்கு அரிதாக வளரும் கட்டிகளுள் ஒன்று ஜிஸ்ட். குடலின் அசைவைச் சீர்ப்படுத்தும் கஹால் செல்களோடு தொடர்புடையது இது. குடற்சுவருக்குள் வளர்வதால் நெடுநாள் வலியோ அடைப்போ தராமல் இருக்கக்கூடும். மேலுள்ள சவ்வு புண்ணாகும்போது இரத்தம் கசியும். மலம் தார்போல் கறுத்து, பிசுபிசுப்பாகக் கடும் நாற்றத்துடன் வெளியேறும். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும்; ஆனால் அதில் அந்தப் பிசுபிசுப்பும் நாற்றமும் இரா. கசிவு மிகக் குறைவாயின் மலத்தின் நிறமே மாறாது. களைப்பும் மூச்சிரைப்பும் மட்டுமே தெரியும்.

இரத்தநாளங்களையும் காட்டும் சி.டி. ஸ்கேன், விழுங்கத்தக்க காப்ஸ்யூல் கேமரா ஆகியவை இங்கு உதவுகின்றன. குடல் சுருங்கியிருந்தால் காப்ஸ்யூல் சிக்கிக்கொள்ளலாம் என்பதால், முன்பு வயிற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டோர் அதனைத் தவறாது கூறவேண்டும்.

பரவாத ஜிஸ்ட் கட்டியை அறுவை சிகிச்சையால் முழுமையாக அகற்றுவதே முதன்மைச் சிகிச்சை. மீண்டும் வரும் வாய்ப்பு மிகுந்தோருக்கு இமாட்டினிப் மாத்திரை வழக்கமாக 3 ஆண்டுகள் தரப்படுகிறது. ஒருகாலத்தில் மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் விற்ற மருந்து இது. இதற்கான காப்புரிமை விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் நிராகரித்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அதனாலேயே உள்நாட்டுத் தயாரிப்புகள் மிகக் குறைந்த விலையில் தொடர்ந்து கிடைக்கின்றன.

மருத்துவமனைக்கு வரும்போது பழைய இரத்தப் பரிசோதனைச் சீட்டுகளையும் உண்டுவரும் மாத்திரைகளின் அட்டைகளையும் கொண்டுவாருங்கள். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்போர் அதனைத் தாமாக நிறுத்த வேண்டா. கறுப்பு மலத்துடன் தலைசுற்றலோ மயக்கமோ ஏற்பட்டால், புறநோயாளிப் பிரிவு திறக்கும் வரை காத்திராமல் 108ஐ அழையுங்கள்.