உங்களுக்குத் தெரியுமா? வெயிலுக்கு அஞ்சும் பனை

பனை என்றால் வெயில் காயும் மரம்தானே? விதிவிலக்கு உண்டு. நர்சரிகளில் ‘லேடி பாம்’ என்று விற்கும் ராபிஸ் எக்செல்சா, தென்சீனாவையும் வட வியட்நாமையும் சேர்ந்த நிழல் பனை. விரல் பருமனுள்ள தண்டுகள் புதராக எழும். கத்தரியால் நறுக்கியதுபோல் நுனி மழுங்கிய விசிறி இலைகள். உச்சி வெயிலில் வைத்தால் இலை வெளிறும். மாமர நிழலோ வடக்குச் சுவரோரமோ போதும். தண்ணீர் மட்டும் தேங்கக் கூடாது.

சுவீடன் தாவரவியலாளர் துன்பெர்க் 1784இல் இதற்கு முதலில் அறிவியல் பெயரிட்டார். அவர் இதைக் கண்டது ஜப்பானில், வளர்ப்புச் செடியாக. வரியோடிய இலையுள்ள குட்டை ரகங்களை அங்கே இன்றும் ஆசையாகச் சேகரிக்கிறார்கள்.

இதில் ஆண், பெண் செடிகள் தனித்தனி. ஒரே தூரிலிருந்து பிரித்தவை எல்லாம் ஒரே பாலாக இருக்கும். தோட்டத்தில் காய் அரிதாவது அதனால்தான். பெருக்க விதை தேடி அலைய வேண்டாம். மழைக்காலத் தொடக்கத்தில் வேரோடு இரண்டு மூன்று தண்டுகளைப் பிரித்து நடுங்கள். வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும். அவசரக்காரர்கள் வாழை வைக்கலாம்.