மழைக்காலத்துக்கு மசாலா வெல்லக்கடலை

தேவாலாவில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால், தேநீரோடு கொறிக்க ஏதேனும் வேண்டும் என்று தோன்றும். எண்ணெய்ப் பலகாரத்தைவிட, வீட்டிலேயே அரைமணி நேரத்தில் செய்யும் வெல்லக்கடலை நன்று. 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாயில் வெல்லப்பாகுதான் கடலையைக் கட்டிப் பிடிக்கிறது. இதிலோ வெல்லம் மேற்பூச்சு மட்டுமே.

முதலில் கடலையைப் பொறுக்குங்கள். ஈரக்காற்றில் நிலக்கடலையில் பூஞ்சணம் எளிதில் பற்றும். அது உண்டாக்கக்கூடிய அஃப்ளடாக்சின் என்னும் நச்சு கல்லீரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முழுமையாக அழியாது. சுருங்கியவை, நிறம் மாறியவை, கசப்பவை எவற்றையும் எறிந்துவிடுங்கள்.

150 கிராம் கடலையை இளந்தீயில் 10 நிமிடம் வறுத்துத் தோல் நீக்குங்கள். 30 கிராம் வெல்லத்தை இரண்டு மேசைக்கரண்டி நீரில் கரைத்து வடிகட்டி, நுரைத்துக் கெட்டியாகும்வரை காய்ச்சுங்கள். மிளகு, ஏலம், சுக்குப் பொடிகளைத் தலா கால் தேக்கரண்டி தூவி, கடலையைப் போட்டுப் புரட்டி இறக்குங்கள். நன்றாக ஆறியபின் காற்றுப் புகாத புட்டியில் அடைத்து, ஒரு வாரத்துக்குள் உண்டு முடியுங்கள்.

இது ஆறு பேருக்கானது. ஒருவர் பங்கில் வெல்லம் 5 கிராம். வெல்லம் தீங்கற்றது என்று நீரிழிவு நோயாளிகள் பலர் எண்ணுகின்றனர். அதுவும் இரத்தச் சர்க்கரையை உயர்த்தும். அவர்கள் பங்கைப் பாகில் சேர்க்குமுன் எடுத்து, மிளகும் சுக்கும் மட்டும் தூவிக் கொடுங்கள்; வீட்டாரோடு அமர்ந்து அவர்களும் உண்ணலாம்.

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முழுக்கடலை வேண்டாம், மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். கடலை ஒவ்வாமை உள்ளோர் தவிர்க்க வேண்டும். சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்டபின் உண்ணுங்கள்.