ஒரு முடியின் கீழ் நான்கு தொழிற்கல்வி முறைகள்

ஒரு நாட்டின் கல்விச் சிறப்பைச் சர்வகலாசாலைக்குச் செல்வோர் தொகைகொண்டே அளப்பது எம்மவரிடை ஊறிய வழக்கம். பதினாறு வயதிற் பாடசாலையை விட்டுப் பட்டறைக்கோ அலுவலகத்திற்கோ செல்பவன், பின்னொருகால் மேலே கற்க விரும்பின் வழி திறந்துள்ளதா என்னும் வினாவே தக்க உரைகல். அவ்வினாவை ஐக்கிய இராச்சியத்தின் நான்கு நாடுகளிடத்தும் எழுப்பின், அயலயலே இருந்தும் அவை தரும் விடைகள் பெரிதும் வேறுபடுகின்றன.

தொடக்கம் ஏறத்தாழ ஒன்றே. 1992 ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் ஒன்று, ஸ்கொத்லாந்துக்கு ஒன்று என இயற்றப்பெற்ற இரு சட்டங்கள், தொழிற்கல்விக் கல்லூரிகளை உள்ளூராட்சிச் சபைகளினின்றும் பிரித்துத் தனித்தியங்கும் நிறுவனங்களாக்கின. வட அயர்லாந்து சில ஆண்டுகள் பிந்தி அவ்வழியே சென்றது. 1999 இல் ஸ்கொத்லாந்தும் வேல்சும் தத்தமக்குரிய சட்டமன்றங்களைப் பெற்ற பின்னரே பாதைகள் பெரிதும் பிரிந்தன.

ஸ்கொத்லாந்தின் முறையிற் சிறந்தது அதன் ஏணி. 2001 இல் நிறுவப்பெற்ற பன்னிரு படிகள் கொண்ட தகைமைச் சட்டகம், பாடசாலைப் பரீட்சை, பயிலுநர் பயிற்சி, டிப்ளோமா, பட்டம் ஆகிய யாவற்றையும் ஒரே அளவுகோலில் வைக்கின்றது. கல்லூரியில் ஓராண்டு கற்று உயர் தேசியச் சான்றிதழ் பெற்றவர் சர்வகலாசாலையின் இரண்டாம் ஆண்டிலும், ஈராண்டு கற்று உயர் தேசிய டிப்ளோமா (எமது நாட்டிலும் பழகிய பெயரே) பெற்றவர் மூன்றாம் ஆண்டிலும் சேர இடமுண்டு. சிறப்புப் பட்டம் அங்கு நான்கு ஆண்டாதலின் இஃது எளிதிற் பொருந்துகின்றது. ஆயினும், இவ்வாயிலை அகலத் திறந்தவை பெரும்பாலும் 1992 இற்குப் பின் சர்வகலாசாலைகளான நிறுவனங்களே. பழைய சர்வகலாசாலைகள் இதில் அத்துணை ஆர்வங் காட்டவில்லை.

ஒப்பிடுவோர் வழுக்குமிடமும் இதுவே. கல்லூரிகளில் டிப்ளோமா கற்போரையும் சேர்த்தால் உயர்கல்வி பெறுவோர் விகிதத்தில் ஸ்கொத்லாந்து முந்தி நிற்கும். சர்வகலாசாலை அனுமதியை மட்டும் எண்ணினாற் பிந்தி நிற்கும். எதனை எண்ணினர் என்று கேளாது இக்கணக்குகளை நம்புதல், நெல்லையும் அரிசியையும் ஒரே கொத்தால் அளந்து விலை பேசுவதை ஒக்கும். மேலும், 2010 இற்குப் பின் முழுநேர இளைஞர்க்கே முதன்மை கொடுக்கப்பட்டமையால், அங்கு பகுதிநேர மாணவர் தொகை வெகுவாகக் குறைந்தது. ஏணி இருந்தும், வேலையோடு கற்க வந்தவர்க்கு முதற்படியில் இடம் சுருங்கிற்று.

இங்கிலாந்து வேறு வழியை நாடியது. 2020 இல் தொடங்கிய 'ரி' தரம் என்னும் ஈராண்டுத் தகைமை, குறைந்தது 45 நாட்களைத் தொழிலகத்திற் கழிக்குமாறு விதிக்கின்றது. இது நன்றே. ஆனால், பதினாறு வயதில் ஆங்கிலத்திலோ கணிதத்திலோ சித்தியடையாதார் அப்பாடத்தைத் தொடர்ந்து கற்றாலே கல்லூரிக்கு அவர்க்குரிய நிதி கிட்டும் என்னும் விதி 2014 முதல் நடைமுறைக்கு வந்தது. மீண்டும் தோற்றுவோரிற் பெரும்பாலோர் மீண்டும் தவறுகின்றனர். கைத்திறனை நாடி வந்த ஒருவனை, அவன் தோற்ற பாடத்தையே வாயிற்காவலாக்கி வரவேற்பது எவ்வகைக் கல்விநெறியோ!

பயிலுநர் வரி நான்கு நாடுகளுக்கும் பொதுவாக 2017 இல் வந்தது. ஆண்டுச் சம்பளத் தொகை 30 இலட்சம் பவுணை விஞ்சும் தொழிலதிபர் மேலதிகத் தொகையில் 0.5 வீதம் செலுத்தவேண்டும். இங்கிலாந்தில் அப்பணம் அவ்வதிபரின் கணக்கிற்கே பயிற்சிச் செலவுக்காகத் திரும்பியது. ஏனைய மூன்று நாடுகளிலும் அதன் பங்கு அரசிடம் சேர்ந்தது. வரி வந்த மறுகல்வியாண்டில், இங்கிலாந்திற் புதிதாகச் சேர்ந்த பயிலுநர் தொகை ஏறத்தாழ 495,000 இலிருந்து 376,000 ஆக வீழ்ந்தது. அதன்பின் உயர்நிலைப் பயிற்சிகளின் பங்கு வளர்ந்தது. பாடசாலையை விட்ட இளைஞர்க்குரிய தொடக்கநிலைப் பயிற்சிகள் தேய்ந்தன.

வட அயர்லாந்து 2007 இல் தன் பதினாறு கல்லூரிகளை ஆறாக இணைத்தது. வேல்ஸ் 2024 இல் கல்லூரி, சர்வகலாசாலை, பயிலுநர் பயிற்சி யாவற்றையும் ஒரே ஆணைக்குழுவின் கீழ்க் கொணர்ந்தது.

வறிய மாணவர்க்கு வாரந்தோறும் வழங்கிய உதவிப்பணத்தை இங்கிலாந்து 2011 இல் நிறுத்திக் கல்லூரிகள் தம் விருப்பப்படி பகிரும் சிறு நிதியொன்றை வைத்தது. ஏனைய மூன்றும் நிறுத்தவில்லை. வேல்ஸ் 2023 இல் அதனை 30 பவுணிலிருந்து 40 பவுணாக உயர்த்தியது. எல்லைக்கு இப்பால் றெக்ஸத்தில் வாழும் வறிய மாணவன் உரிமையாகப் பெறும் பேருந்துச் செலவை, அப்பால் செஸ்ரரில் வாழ்பவன் கேட்டே பெறவேண்டியுள்ளது.